கையால் இரண்டு சுற்று

"பேசாதே. எண்ணிக்கிட்டிருக்கேன்."

"ரெண்டு வரைக்கும் எண்ணறதுக்கு இவ்வளவு நிசப்தம் வேணுமா?"

மனைவியின் குரல் மேலேயிருந்து வந்தது. அவர் கீழே, காரின் வலது முன்சக்கரம் இருக்கவேண்டிய இடத்தில் தலையை நுழைத்துப் படுத்திருந்தார். கழற்றிய சக்கரம் சுவரில் சாய்ந்து நின்றது. எஞ்சினின் அடிச்சக்கரத்து போல்ட்டில் நீளக் கைப்பிடி போட்ட ஸ்பேனரை மாட்டி, கடிகார முள் போகிற பக்கமாகச் சுற்றிக்கொண்டிருந்தார். மனைவி பானட்டுக்குள் குனிந்து டார்ச் அடித்துக்கொண்டிருந்தாள். மேலே இருக்கும் பல்சக்கரத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி. அது எதிரே இருக்கும் கோட்டுக்கு நேராக வரும்போது 'நில்' என்று சொல்லவேண்டும். அவள் வேலை அவ்வளவுதான்.

"வருது. வருது. என் துணியில கிரீஸ் பட்டுச்சுன்னா உங்களைத் துவைச்சிடுவேன். இஸ்திரி போட்டு ஒரு மணி நேரம்கூட ஆகல. ஐயோ நில்லுங்க! தாண்டிடுச்சு."

"எவ்வளவு?"

"ஒரு அரிசி அளவு. லேசா பின்னாடி திருப்புங்களேன்."

சக்கரக் குழிக்குள் ஸ்பேனரைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"என்ன சொன்னே?"

"ஒண்ணும் சொல்லல சாமி. மறுபடி ரெண்டு சுத்து சுத்துங்க."

சுற்றினார்.

ஒர்க்‌ஷாப் இருக்கும் தெருவில் அவருக்கு ரெண்டுசுத்து என்று பெயர். வங்கியிலிருந்து வரும் கடிதங்களில் வேறு பெயர் இருந்தது. தபால்காரரே ஒருமுறை அந்தப் பெயரில் யாரும் இங்கே இல்லை என்று கடிதத்தைத் திருப்பியனுப்பியிருக்கிறார். டைமிங் பெல்ட் மாற்றினால் எஞ்சினைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றிப் பார்க்காமல் சாவியைத் தொட விடமாட்டார். அடிச்சக்கரம் இரண்டு சுற்றினால் மேல்சக்கரம் ஒன்று சுற்றும். அப்போது மேல்குறி, கீழ்க்குறி இரண்டும் நேராக நிற்கவேண்டும். ஒரு மயிரிழை தாண்டிவிட்டால் பின்னால் திருப்பக்கூடாது. மறுபடி இரண்டு சுற்று. வண்டிக்காரர் பக்கத்தில் நின்று பார்க்கவேண்டும் என்பது அவர் விதி. சில வண்டிக்காரர்கள் ஒரு முழு மத்தியானம் நின்றிருக்கிறார்கள்.

காரணம் கேட்டால் சொல்வார். கேட்காவிட்டாலும் சொல்வார். பெல்ட் என்பது பல் வைத்த ஒரு ரப்பர் பட்டை. கீழே பிஸ்டன்கள் ஏறி இறங்குவதும் மேலே வால்வுகள் திறந்து மூடுவதும் அது பிடித்த தாளத்தில்தான் நடக்கின்றன. சுற்றவேண்டிய பக்கம் சுற்றினால் பட்டை விறைப்பாக இருக்கும். எதிர்ப்பக்கம் சுற்றினால் ஓரிடத்தில் தொய்வு சேரும். தொய்ந்த இடத்தில் பட்டை ஒரு பல் தாண்டும், அல்லது இரண்டு. அதற்குப் பிறகு வால்வு இறங்கும் நேரத்தில் பிஸ்டன் மேலே வந்து நிற்கும். இடம் ஒன்றுதான், இருவருக்கும் அது வேண்டும். வால்வு வளைந்துபோகும்.

இதை அவர் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. இருபத்தாறு வயதில், ஒரு பள்ளிக்கூடத் தலைமையாசிரியரின் காருக்குப் பெல்ட் மாற்றிவிட்டு, குறி ஒரு அரிசி அளவு தாண்டிவிட்டதே என்று ஸ்பேனரை லேசாகப் பின்னால் திருப்பினார். பிறகு சாவியைப் போட்டார். எட்டு வால்வும் போயின. தலைமையாசிரியர் கத்தவில்லை. "என் வீட்டு வாசல்லயே வச்சுச் சரி பண்ணு. என் கண்ணு முன்னாடி பண்ணு" என்றார். ஒன்பது ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. அந்த வீட்டில் தண்ணீர் கொண்டுவந்து வைத்த பெண் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை சிரித்தாள். ஆறாவது வாரத்திலேயே வேலை முடிந்துவிட்டதாகவும் மீதி மூன்று வாரம் அவர் ஒரே நட்டைக் கழற்றிக் கழற்றி மாட்டியதாகவும் அவள் இன்றுவரை சொல்கிறாள். அவர் மறுக்கிறார்.

"அந்த எட்டும் வளையாம இருந்திருந்தா நான் ஒரு நல்ல இடத்துல வாழ்க்கைப்பட்டிருப்பேன்" என்பாள்.

இப்போது வெள்ளைப் புள்ளி கோட்டுக்கு நேரே வந்து நின்றது.

"நில்! சரியா இருக்கு. கோயில் கட்டலாம்."

அவர் வெளியே வந்து, எழுந்து, தானும் எட்டிப் பார்த்து, டார்ச்சை வாங்கி இன்னொருமுறை பார்த்தார். பிறகுதான், எஞ்சின் இலகுவாகச் சுற்றட்டும் என்று கழற்றி வைத்திருந்த பிளக்குகளையும் சக்கரத்தையும் மாட்டினார். மணி ஒன்பதரை. நேற்று மாலை சும்மா மூடியைத் திறந்து பார்த்தபோது பெல்ட்டின் ஓரத்தில் எண்ணெய்க் கசிவு தெரிந்தது. எண்ணெய் பட்ட ரப்பர் ஊறிப்போகும். இன்றைக்கு அவளுக்கு ஓட்டுநர் தேர்வு என்பது எண்ணெய்க்குத் தெரியாதே. கசிவை அடைத்து, புதுப் பட்டை போட்டார். அவள் இஸ்திரி போட்ட துணியோடு டார்ச் பிடிக்க வந்து நின்றாள். 

அவள் சலவைக்கடையில் பதினான்கு வருடமாக இஸ்திரி போடுகிறாள். மேசையின் உயரத்துக்கு ஸ்டூல் ஒத்துவராது, நின்றுகொண்டேதான் செய்யவேண்டும். முழங்காலுக்குக் கீழே நரம்புகள் பச்சைக் கயிறு மாதிரி புடைத்துவிட்டன. கடையின் வேனை ஓட்டிக்கொண்டிருந்தவர் இந்த வாரத்தோடு மகன் வீட்டுக்குப் போகிறார். முதலாளி சொல்லிவிட்டார்: வெள்ளிக்கிழமை காலைக்குள் லைசென்ஸ் வந்தால் வேன் உனக்கு. இல்லையென்றால் என் சகலையின் ஆள் ஒருத்தன் காத்துக்கொண்டிருக்கிறான். இன்று வியாழன். இரண்டுமுறை தோற்றாயிற்று. முதல்முறை ஒரு கம்பத்தைச் சாய்த்தாள். இரண்டாம்முறை அதே கம்பத்தை.

"எனக்கு உட்காரணும். அவ்வளவுதான். உட்கார்ந்துகிட்டே சம்பாதிக்கிறவங்க எல்லாம் எப்படி இருக்காங்கன்னு ஒருநாள் பாக்கணும்" என்று சொல்லியிருந்தாள்.

அவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். அந்தப் பாடங்களில் பெரும்பகுதி பெல்ட்டைப் பற்றியது.

பத்துமணிக்கு அவள் தம்பி வந்து சேர்ந்தான். நாற்பது வயது தையற்காரன்; அக்காவுக்குத் துணையாக வந்திருப்பதாகச் சொன்னாலும், வேடிக்கை பார்க்கக் கடையை மூடிவிட்டு வந்தவன். வண்டியின் பின்பக்கம் பளிச்சென்று இருந்ததைப் பார்த்து வியந்தான்.

"டிக்கியில ஒரு ஆணிகூட இல்லையே மாமா. உங்க டூல்ஸ் பெட்டி எங்கே?"

"உங்கக்கா இறக்கச் சொல்லிட்டா. கடகடன்னு சத்தம் வந்தா பதற்றமா இருக்காம்."

"பெட்டி இல்லாம வெளியே போறது உங்களுக்குத் துணியில்லாம போற மாதிரி இருக்குமே."

"சும்மா வா மச்சான்" என்று மட்டும் சொன்னார். ஆனால் அப்படித்தான் இருந்தது.

*

தேர்வு மைதானத்தில் வெள்ளைக் கோடுகளும் பழைய டயர்களும் நடுவில் ஒரு சிமென்ட் மேடும் இருந்தன. மேட்டில் ஏறி, பாதியில் நிறுத்தி, பின்னால் ஒரு சாண்கூட உருளாமல் மறுபடி கிளப்பி ஏறவேண்டும். அதற்கு இரண்டு வாய்ப்பு உண்டு. மற்ற எல்லாவற்றையும் அவள் முடித்துவிட்டாள். கம்பம் நின்றது. ரெண்டுசுத்துவும் மச்சானும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் தேர்வை முடித்துவிட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஒரு பருத்த ரொட்டிக்கடைக்காரரும் ஒரு நர்சும்.

கார் மேட்டில் ஏறியது. பாதியில் நின்றது. கிளம்பும்போது ஒருமுறை குலுங்கிவிட்டு எஞ்சின் அணைந்தது.

முதல் கியரில் இருந்த கார், அணைந்த எஞ்சினோடு, பின்னால் ஒரு குதி குதித்தது. இன்னொரு குதி. அவர் பெஞ்சை விட்டு எழுந்தார். மூன்றாவது குதிக்கு முன் அவள் கிளச்சை முழுக்க அழுத்தினாள். அவர் சொல்லிக்கொடுத்த மாதிரியே, கண்ணிமைக்கும் நேரத்தில். எஞ்சின் விடுபட்டது. கார் வழவழவென்று பின்னால் உருண்டு மேட்டின் அடிவாரத்துக்கு வந்து நின்றது.

"கிளச்சை அழுத்திட்டா! பாத்தியா மச்சான்? என்ன வேகம்!"

"மாமா, தேர்வு போச்சு."

தேர்வு அதிகாரி ஒரு குட்டையான அம்மாள். தலையில் தொப்பி, கையில் அட்டை. நிதானமாக நடந்துபோய்க் கார் கதவருகே நின்றார்.

"ஏம்மா, பின்னாடி உருளும்போது பிரேக்கைத்தானே அழுத்தணும்? கிளச்சை ஏன் அழுத்துனீங்க?"

"வீட்டுக்காரர் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார் மேடம்."

"பிரேக் எதுக்கு இருக்குன்னு சொல்லிக்கொடுக்கலையா?"

"அந்தப் பாடத்துக்கு நாங்க இன்னும் வரல மேடம்."

அதிகாரி அட்டையில் ஏதோ எழுதினார். "இன்னொரு வாய்ப்பு இருக்கு. ஸ்டார்ட் பண்ணுங்க."

"சாவியைத் தொடாதே!"

மைதானத்துக்குள் தேர்வுக்கு வராதவர்கள் நுழையக்கூடாது என்ற பலகையைத் தாண்டி ரெண்டுசுத்து ஓடிவந்தார். வந்த வேகத்தில் ஜன்னலுக்குள் கைவிட்டுச் சாவியை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"யாருய்யா நீங்க?"

"நான்தான் மேடம் வீட்டுக்காரர். ரெண்டு குதி பின்னாடி குதிச்சிடுச்சு மேடம். கியர்ல இருந்துச்சு. எஞ்சின் எதிர்ப்பக்கம் சுத்தியிருக்கு. பல்லு தாண்டியிருந்தா ஸ்டார்ட் பண்ணின அடுத்த நொடி வால்வு பூரா காலி."

அதிகாரி அவரையும் மனைவியையும் மாறிமாறிப் பார்த்தார். "பன்னிரண்டுக்கு நான் கேட்டைப் பூட்டிடுவேன். இப்ப பதினொண்ணு நாற்பது. அடுத்த தேர்வு செவ்வாய்க்கிழமை. பன்னிரண்டுக்குள்ள நீங்க என்ன வேணும்னாலும் பாத்துக்கோங்க."

அவள் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே, "எவ்வளவு நேரம் ஆகும்?" என்றாள்.

"ரெண்டே சுத்து."

"ஸ்பேனர்?"

அவர் டிக்கிப் பக்கம் பார்த்தார். மச்சான் வானத்தைப் பார்த்தான்.

கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை என்று நிற்கிற ஆள் இல்லை அவர். ஒரு நாணயத்தை வைத்துத் திருகி பெல்ட்டின் மேல்மூடியைக் கழற்றினார். அணைந்த எஞ்சினைச் சுற்ற ஸ்பேனர்தான் வேண்டும் என்பதில்லை. ஐந்தாம் கியரில் போட்டு வண்டியை முன்னால் தள்ளினால் சக்கரம் எஞ்சினைச் சுற்றும். சுற்றவேண்டிய பக்கமே சுற்றும். ஒரு நீள எட்டு தள்ளினால் இரண்டு சுற்று. கணக்கு அவருக்கு மனப்பாடம்.

"தள்றதுக்கு ஆள் வேணும்" என்றார்.

ரொட்டிக்கடைக்காரர் சட்டைக்கையை மடித்துக்கொண்டு வந்தார். நர்சும் வந்தாள். மச்சான் முனகிக்கொண்டே வந்தான். மூவரும் பின்னால் நிற்க, அவர் முன்னால் நின்று, திறந்த பானட்டுக்குள் தலையை விட்டு, காலையில் பைக்குள் போட்டிருந்த டார்ச்சை இடுக்கில் அடித்தார்.

"மெதுவா. எங்கேயாவது இடிச்ச மாதிரி தடுத்தா உடனே விட்டுடணும். ஏய், நான் நில்லுன்னா பிரேக். பிரேக் தெரியுமில்ல?"

"இப்பதான் அறிமுகம் ஆச்சு" என்றாள் மனைவி.

தள்ளினார்கள். வண்டி நகர, அவர் குனிந்தபடியே பின்னால் எட்டு வைத்தார்.

"மாமா, நீங்க பின்னாடி நடக்குறீங்க! என் வாழ்நாள்ல இதைப் பாக்குறது இதுதான் முதல்முறை."

"வாயை மூடிட்டுத் தள்ளு."

பிளக் கழற்றாத எஞ்சின் வெண்ணெய் மாதிரி சுற்றாது. உள்ளே காற்று அமுங்கி முரண்டு பிடிக்கும். உச்சியைத் தாண்டியதும் சட்டென்று குதிக்கும். குறி நிற்கவேண்டியது சரியாக அந்த உச்சியில்தான். வெள்ளைப் புள்ளி தயங்கித் தயங்கி வந்தது. கோட்டைத் தொடப்போனது. குதித்தது.

"நில்! ச்சே. தாண்டிடுச்சு."

"எவ்வளவு?" என்றார் ரொட்டிக்கடைக்காரர் மூச்சுவாங்கியபடி.

"ரெண்டு விரக்கடை."

"அவ்வளவுதானே? ஒரு இழு இழுத்தா வந்துடும்." பம்பரைப் பிடித்துப் பின்னால் இழுக்கப்போனார்.

"ஐயோ கையை எடுங்க!"

மைதானமே திரும்பிப் பார்த்தது. ரொட்டிக்கடைக்காரர் சூடு பட்டவர்போலக் கையை எடுத்தார்.

"பின்னாடி இழுக்கக்கூடாது சார்" என்று நர்ஸ் அவருக்கு விளக்கினாள். அவள் அதற்குள் புரிந்துகொண்டுவிட்டாள். "பல்லு தாண்டிடுமாம்."

"யாரோட பல்லு?"

"என் தையல் மெஷின்லயும் சக்கரத்தைப் பின்னாடி சுத்தினா நூல் அறுந்துடும்" என்றான் மச்சான். "அதுக்காக நான் யாரையும் வெயில்ல நிக்க வச்சது கிடையாது."

இன்னொரு எட்டு தள்ளினார்கள். இந்தமுறை புள்ளி கோட்டுக்கு முன்பே தயங்கி நின்றது. "இன்னும் ஒரு நூல்" என்றார். மூவரும் ஒரு நூலுக்கான பலத்தை எங்கிருந்தோ கூட்டிக்கொண்டு தள்ளினார்கள். குதித்தது.

மணி பதினொன்று ஐம்பது. வண்டியின் முன்சக்கரங்கள் மேட்டின் சரிவைத் தொட்டுக்கொண்டிருந்தன. இனி ஒரு எட்டு என்றால் அது மேட்டின்மேல். தள்ளினார்கள். கார் மூக்கை உயர்த்தியது. ரொட்டிக்கடைக்காரரின் முகம் அடுப்பிலிருந்து எடுத்த நிறத்தில் இருந்தது.

"முடியலைய்யா. விடப்போறேன்."

"விடாதீங்க! விட்டா பின்னாடி வரும்! கியர்ல வரும்!"

மனைவி கிளச்சை அழுத்தி, பிரேக்கையும் அழுத்தி, கைப்பிரேக்கையும் இழுத்தாள். மூன்றையும் ஒரே நேரத்தில் செய்தாள். பிறகு கதவைத் திறந்து இறங்கினாள்.

"போதும். மூடியை மாட்டுங்க."

"இன்னும் ஒரே ஒரு..."

"மாட்டுங்க."

மாட்டினார். பானட்டைச் சாத்தினார். அவள் கையை நீட்டினாள்.

"சாவி."

அவர் சட்டைப்பையை மூடிக்கொண்டார். கொடுக்கக்கூடாது என்றில்லை, கை தானாகப் போய் மூடிக்கொண்டது. அந்தத் தலைமையாசிரியர் காருக்குப் பிறகு இருபத்தாறு வருடத்தில், பெல்ட்டில் சந்தேகம் வந்தபின் கையால் சுற்றிப் பார்க்காத எஞ்சினில் அவர் சாவி போட்டதில்லை. போட விட்டதுமில்லை.

"ஒரு பல்லு தாண்டியிருந்தா..." என்றார்.

"தாண்டியிருந்தா வளையட்டும். எங்கப்பாவோட எட்டு வால்வை ஒன்பது வாரத்துல சரி பண்ணுனீங்க. இதையும் பண்ணுவீங்க. உங்களால அது முடியும். செவ்வாய்க்கிழமைக்கு வேன் எனக்காக நிக்காது. என்னால இன்னும் பதினாலு வருஷம் நிக்க முடியாது. கொடுங்க."

அவள் சத்தமாகச் சொல்லவில்லை. ஒன்பது ஞாயிற்றுக்கிழமை என்பதை ஆறு என்று திருத்தவுமில்லை. அதைக் கவனித்தார்.

சாவியைக் கொடுத்தார்.

பிறகு அவர் காரின் பக்கத்திலேயே, பானட்டில் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நின்றார். அதிகாரி "தள்ளி நில்லுங்க" என்றார். கையை எடுத்தார். கண்ணைத் திறக்கவில்லை. சாவி திரும்பும் சத்தம் கேட்டது. ஸ்டார்ட்டர் இருமியது. இதுவரை தன் வாழ்க்கையில் ஒரே ஒருமுறை கேட்ட அந்தச் சத்தத்துக்காக, தகர டப்பாவில் கூழாங்கல் போட்டுக் குலுக்கியது போன்ற அந்தச் சத்தத்துக்காகக் காத்திருந்தார்.

எஞ்சின் ஓடியது. தன்பாட்டுக்கு, ஒன்றுமே நடக்காததுபோல.

அவர் ஒரு கண்ணைத் திறந்தார். கார் சற்றுப் பின்வாங்கி, அடிவாரத்தில் நின்று, மேட்டில் ஏறிக்கொண்டிருந்தது. பாதியில் நின்றது. கைப்பிரேக் இழுபடும் சத்தம். ரொட்டிக்கடைக்காரர் தன்னையறியாமல் இரண்டு கையையும் முன்னால் நீட்டித் தள்ளிக்கொண்டிருந்தார், காற்றை. எஞ்சின் கொஞ்சம் உறுமியது. கார் ஒரு விரல்கூடப் பின்வாங்காமல் மேலே போனது. உச்சியைத் தாண்டி, அந்தப் பக்கம் இறங்கிக் கண்ணுக்கு மறைந்தது.

நர்ஸ் கைதட்டினாள். மச்சான் மாமாவின் தோளில் கைபோட்டான்.

"பாஸ் மாமா!"

"ம்ம். வால்வுச் சத்தம் ஏதாவது கேட்டுச்சா உனக்கு?"

அதிகாரி அட்டையில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். பதினொன்று ஐம்பத்தாறு. அட்டையை மடக்கிக்கொண்டு ரெண்டுசுத்துவின் அருகே வந்தார்.

"என் வண்டி வாங்கி ஏழு வருஷம் ஆச்சு. பெல்ட்டுன்னு ஒண்ணு இருக்கறதே எனக்கு இன்னைக்குத்தான் தெரியும்."

"ஏழு வருஷமா?" அவர் முகம் வெளுத்தது. "எங்கே நிக்குது மேடம்? இப்ப ஓட்டிட்டுப் போகாதீங்க."

"நான் சாப்பிடப் போகணும்யா."

"நடந்து போங்க மேடம்."

வீட்டுக்குத் திரும்பும்போது அவள்தான் ஓட்டினாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டு வந்தார். மச்சான் பின்னால் படுத்துத் தூங்கிவிட்டான். ஒரு சிக்னலில் நின்றபோது அவள் கேட்டாள்:

"பயந்துட்டீங்களா?"

"இல்ல."

"நான் பயந்துட்டேன்" என்றாள். சிக்னல் மாறியது.

*

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலை ஏழரைக்கு அவள் அதிகாரி கொடுத்த தற்காலிக லைசென்ஸ் காகிதத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு சலவைக்கடைக்குப் போனாள். முதலாளி காகிதத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு வேன் சாவியைக் கொடுத்தார். அன்று பதினோரு இடங்களுக்குப் போனாள். ஒரு ஓட்டலின் மேசைவிரிப்புகள் ஒரு பல்மருத்துவமனைக்குப் போய்விட்டன; மத்தியானம் போய் மாற்றிக்கொடுத்தாள். அவர் ஒர்க்‌ஷாப்பைத் திறந்து, ஒரு பிரேக் வேலையும் ஒரு ரேடியேட்டர் வேலையும் பார்த்தார். பதினொரு மணிக்குத் தேர்வு அதிகாரியின் கார் கயிறு கட்டி இழுத்து வரப்பட்டது. அதன் பெல்ட்டில் வெடிப்புகள் இருந்தன. புதுப் பட்டைக்குச் சொல்லியனுப்பினார். திங்கட்கிழமை வரும் என்றார்கள்.

மாலை ஆறரைக்கு அவள் திரும்பிவந்தாள். இடுப்பு பிடித்துக்கொண்டது என்றாள். முன்பு ஓட்டியவர் உயரமான ஆள், சீட் மிகவும் பின்னால் இருந்ததாம். நாளைக்கு முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்வதாகச் சொன்னாள். அவர் வெந்நீர் வைத்தார். எட்டு மணிக்குச் சாப்பிட்டார்கள்.